ஊர்ப் பெருமையும் ஊர்ப் பாவமும்: ஒரு தெற்கத்தி ராக் ஆல்பம் பற்றி

டிரைவ்-பை டிரக்கர்ஸ் என்று ஒரு அமெரிக்க ராக் குழு. 2001 செப்டம்பரில் அவர்கள் வெளியிட்ட 'சதர்ன் ராக் ஆபரா' என்ற இரட்டை ஆல்பத்தை, பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு சக ஊழியர் சிடியில் எழுதிக் கொடுத்தார். அப்போ எனக்கு மூணு கிட்டார் சேர்ந்து போடுற சத்தம் மட்டும்தான் காதில் விழுந்தது. வார்த்தைகளைக் கவனிச்சுக் கேட்டது ரொம்ப வருஷம் கழிச்சு. கேட்டதும், இது அலபாமாவைப் பத்தின ஆல்பம் மட்டும் இல்லை, ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவுல ஓடுற அந்தப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ரோட்டையும் பத்தினதுதான்னு தோணிச்சு. ஏன் தோணிச்சுன்னு எழுதி வைக்கத்தான் இந்தக் குறிப்பு.

முதலில் ஒரு சின்ன அறிமுகம். சதர்ன் ராக் என்பது அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1969 வாக்கில் உருவான இசை. புளூஸ், கன்ட்ரி, ராக் மூணும் கலந்தது. ஆல்மேன் பிரதர்ஸ் குழு ஆரம்பிச்சப்பவே அதில் கறுப்பின டிரம்மர் ஒருத்தர் இருந்தார். ஆனா பின்னால இந்த இசையின் அடையாளமாக ஆனது, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட கூட்டமைப்பின் கொடி. லினர்ட் ஸ்கினர்ட் குழு மேடைக்குப் பின்னால அந்தக் கொடியைத் தொங்கவிட்டுத்தான் வாசிச்சது. இசையின் வேர் கறுப்பர்களுடையது, மேல பறக்கிறது அவங்களை அடிமையா வச்சிருந்தவங்க கொடி. இந்த முரண்தான் டிரக்கர்ஸ் ஆல்பத்தின் கரு.

பாடகரும் பெரும்பாலான பாடல்களை எழுதியவருமான பேட்டர்சன் ஹுட், 1964ல் பிறந்தவர், அலபாமாவின் மசில் ஷோல்ஸ் பகுதிக்காரர். அவருடைய அப்பா டேவிட் ஹுட் அந்த ஊரின் புகழ்பெற்ற ஸ்டுடியோ குழுவில் பேஸ் கிட்டார் வாசிச்சவர். வெள்ளைக்காரப் பையன்கள் சில பேர் அந்தச் சின்ன ஊரில் உட்கார்ந்து ஸ்டேப்பிள் சிங்கர்ஸ் மாதிரியான கறுப்பினக் கலைஞர்களுக்கு வாசிச்சாங்க. அதே மாநிலத்தில்தான் 1963ல் கவர்னர் ஜார்ஜ் வாலஸ் கறுப்பின மாணவர்கள் நுழையக் கூடாதுன்னு பல்கலைக்கழக வாசலில் போய் நின்னார். ரெண்டும் ஒரே ஊர்க் காற்று. ஹுட் இந்த ரெண்டையும் ஒண்ணா வச்சுப் பார்க்கிறார். எதையும் ஒளிக்கலை.

ஆல்பத்தில் ஹுட் பேச்சாகவே சொல்லிப்போகும் ஒரு பகுதி இருக்கு. அதில் வாலஸ் பற்றி அவர் சொல்றதன் சாரம் இது: அந்த ஆள் மத்தவங்களை விடப் பெரிய இனவெறியர் இல்லை, ஓட்டு கிடைக்கும்னு தெரிஞ்சு அதைப் பயன்படுத்தினார், அதனாலதான் அவருக்கு நரகம். அடுத்த பாட்டில் சாத்தான் அவரை வரவேற்கத் தயாராகிறான். நம்ம ஊர்க்காரங்களுக்கு இந்தக் கணக்கைத் தனியா விளக்க வேண்டியதில்லைன்னு நினைக்கிறேன்.

நம்ம 'ஸ்வீட் ஹோம் அலபாமா'

1974ல் லினர்ட் ஸ்கினர்ட் வெளியிட்ட 'ஸ்வீட் ஹோம் அலபாமா' தெரியாத ராக் ரசிகர் இருக்க மாட்டார். தெற்கைத் திட்டி நீல் யங் எழுதின பாட்டுக்குப் பதிலா வந்தது. எழுதின மூணு பேரில் ஒருத்தர்கூட அலபாமாக்காரர் இல்லை. ஆனா அது அலபாமாவின் ஊர்ப்பாட்டு ஆயிடுச்சு. அருமையான மெட்டு. ஆடாம இருக்க முடியாது. அதை யார் எதுக்குப் போடறாங்க என்பது மட்டும்தான் பிரச்சினை.

நமக்கும் அப்படி ஒண்ணு உண்டு. 1992 தீபாவளிக்கு வந்த 'தேவர் மகன்' படத்தின் 'போற்றிப் பாடடி பெண்ணே'. இயக்குநர் பரதன் கேரளத்துக்காரர், பாட்டு எழுதின வாலி ஸ்ரீரங்கத்துக்காரர். ஆனா அது எங்க தென் மாவட்டங்களின் பாட்டா ஆயிடுச்சு. படம் என்னவோ அரிவாளைக் கீழே போடச் சொல்லுது. பாட்டு படத்தை விட்டுத் தனியா இறங்கி ஊருக்குள்ள நடந்து போச்சு. கல்யாண வீடு, கோயில் கொடை, ஜெயந்தி ஊர்வலம், வேன் மேல கட்டின குழாய் ஸ்பீக்கர். யார் தெருவழியாப் போகும்போது சத்தத்தைக் கூட்டணும்னு வேன் டிரைவருக்குத் தெரியும்.

1997ல் நான் பிளஸ் டூ. எங்க மாவட்டத்தில் புதுசா ஏற்படுத்தின போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வச்சது. அந்தப் பெயர் எழுதின பஸ்ஸில் ஏற மாட்டோம்னு ஆரம்பிச்சு, கல்வீச்சு, கொலை, துப்பாக்கிச் சூடு வரைக்கும் போச்சு. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்தாங்க. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது அப்போதான். ஒரு சமூகத்தின் பெயரைப் பஸ் மேல பார்க்கச் சகிக்காம, எல்லாப் பெயரையும் அழிச்ச ஊர் எங்க ஊர்.

அந்த வருஷம் ஒரு சாயங்காலம், பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கேசட் கடையில் இந்தப் பாட்டு ஓடிட்டிருந்தது. நான் தாளம் போட்டுக்கிட்டே நின்னேன். கூடப் படிச்ச நண்பன் பக்கத்தில் நின்னுட்டிருந்தான். கொஞ்ச நேரம் கழிச்சு, "டேய், வா போலாம்"ன்னான். "பாட்டு முடியட்டும்டா"ன்னேன். அவன் பதில் சொல்லாம சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். எதுக்குக் கோவிச்சுக்கிட்டான்னு எனக்கு அன்னிக்குப் புரியலை. அது எனக்குப் புரியலைங்கிறதுதான் விஷயமே. அந்தப் பாட்டு என்னை ஒண்ணும் பண்ணலை, பண்ணவும் செய்யாது. நான் எந்தத் தெருக்காரன்னு இதிலேயே தெரிஞ்சிருக்கும். அதுக்கப்புறம் அவன் என்கிட்டப் பேசினான், ஆனா பழைய மாதிரி இல்லை. நானும் கேட்கலை.

2023 ஜூனில் 'மாமன்னன்' பாடல் வெளியீட்டு விழாவில், கமல்ஹாசனை எதிரில் வச்சுக்கிட்டே மாரி செல்வராஜ், 'தேவர் மகன்' தனக்கு என்ன செஞ்சதுன்னு சொன்னார். அந்தப் படத்திலிருந்துதான் 'மாமன்னன்' பிறந்ததுன்னார். அந்த வீடியோவை நான் பார்த்தது ராத்திரி பதினொரு மணிக்கு. சைக்கிள் ஞாபகம் வந்தது. இருபத்தாறு வருஷம் ஆயிருந்தது.

யார் காசு கொடுக்கிறாங்க?

சதர்ன் ராக் ஆபராவை எந்தக் கம்பெனியும் காசு போட்டு எடுக்கலை. பர்மிங்காமில் சீருடை விற்கிற கடை ஒண்ணுக்கு மாடியில், ஏசி இல்லாம, செப்டம்பர் வெக்கையில் ஒலிப்பதிவு செஞ்சாங்க. பணத்துக்கு நண்பர்கள், ரசிகர்களிடம் கடன்பத்திரம் எழுதிக் கொடுத்து வட்டியோட திருப்பித் தரோம்னு வாங்கினாங்க. தங்களோட சொந்த லேபிளில் வெளியிட்டாங்க. அது பேசப்பட்ட பிறகுதான், அடுத்த வருஷம் பெரிய லேபிள் ஒண்ணு எடுத்து மறுபடி வெளியிட்டது. மிச்ச வாழ்க்கை வேனில்தான். ஊர் ஊராப் போறது, வாசிக்கிறது, சட்டையும் சிடியும் விக்கிறது, மறுபடி வேன்.

நாம இதை ஏழ்மைக் கதையா மட்டும் படிச்சுட்டுப் போயிடுவோம். எனக்கு இது உள்ளடக்கத்தோட சம்பந்தப்பட்ட விஷயமாத் தெரியுது. சொந்த ஊரின் பாவத்தைச் சொந்த ஊர்க்காரன் பாடணும்னா, காசு கொடுக்கிறவன் அந்தப் பாவத்தில் பங்காளியா இருக்கக் கூடாது. எங்க பக்கத்துக் கலைஞர்களைப் பாருங்க. வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம், கரகாட்டக் குழுக்கள் எல்லாரும் ஒரு அர்த்தத்தில் 'இன்டிபென்டன்ட்' கலைஞர்கள்தான். கம்பெனி கிடையாது, மாதச் சம்பளம் கிடையாது, சீசன் முடிஞ்சா வேற வேலை. ஆனா அவங்களுக்கு வெத்தலை பாக்கு வச்சு அட்வான்ஸ் கொடுக்கிறது கொடை கமிட்டி. பெரும்பாலான கமிட்டி ஒரு சாதியின் கமிட்டி. அந்த மேடையில் அந்தத் தெருவைப் பற்றி எதைப் பாட முடியும்?

இதை மீறினவர் ஒருத்தர் எங்க பக்கத்திலேயே இருந்திருக்கார். சிவகாசியில் 1886ல் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்த எஸ்.எஸ்.விசுவநாத தாஸ். புராண நாடகத்துக்குள்ள வெள்ளைக்காரனுக்கு எதிரான பாட்டை நுழைச்சுப் பாடி, பலமுறை சிறைக்குப் போனவர். மருத்துவர் சமூகத்தில் பிறந்ததால அவரோட சேர்ந்து நடிக்க மாட்டோம்னு சில நடிகைகள் மறுத்ததும் நடந்திருக்கு. 1940 டிசம்பர் 31 அன்னிக்குச் சென்னையில் மேடையிலேயே, முருகன் வேஷத்தில் உயிர் போச்சு. அவருக்குக் காசு கொடுத்தது டிக்கெட் வாங்கின ஜனங்க. அதனாலதான் அந்தத் துணிச்சல் அவருக்குக் கட்டுப்படியாச்சுன்னு நான் நினைக்கிறேன்.

நம்ம காலத்தில் 2018 ஜனவரி 6ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல்முறையா மேடை ஏறினாங்க. டென்மாவும் பா.இரஞ்சித்தின் நீலம் அமைப்பும் சேர்ந்து உருவாக்கின குழு. கானா, ராப், ராக், பறை எல்லாம் ஒரே மேடையில். குழுவின் பெயர் அயோத்திதாசரின் சிந்தனையிலிருந்து எடுத்தது. ஒரு தற்செயல் பாருங்க: அதுக்கு மறுநாள், ஜனவரி 7, ராஜபாளையத்தில் வைரமுத்து ஆண்டாள் பற்றிக் கட்டுரை வாசிச்சார். அதில் வந்த ஒரு மேற்கோளுக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் பல நாள் கொந்தளிச்சது. ஊர்ப் பெருமைன்னு வந்தா எங்களுக்கு எவ்வளவு சீக்கிரம் கோபம் வரும்னு தெரிஞ்சது. அந்தக் கோபத்தில் பாதியாவது ஊர்ப் பாவத்தின் மேல வந்திருந்தா, எனக்கு இந்தக் குறிப்பு எழுத வேண்டி இருந்திருக்காது.

கம்பெனி இல்லாமலே உலகம் முழுக்கப் போகலாம் என்ற நம்பிக்கையை 2021 மார்ச்சில் 'என்ஜாய் என்ஜாமி' கொடுத்தது. ஆனா 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து இதுவரை ஒரு ரூபாகூட வரலைன்னு வெளிப்படையாச் சொன்னார். கோடிக்கணக்கான பேர் கேட்டிருக்காங்க, பாடினவங்களுக்கும் மெட்டுப் போட்டவருக்கும் வந்து சேரலை. சுயாதீனம் என்பது சினிமாவை விட்டு வெளியே வர்றது மட்டும் இல்லை, கணக்குப் புத்தகமும் நம்ம கையில் இருக்கணும்.

ஆல்பத்தின் குறை

இவ்வளவு புகழ்ந்தாச்சு, குறையையும் சொல்லணும். சதர்ன் ராக் ஆபராவில் கறுப்பினக் குரல் இல்லை. தெற்கின் பாவத்தைப் பற்றி வெள்ளைக்காரர்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கிறாங்க. பெருமையும் வெட்கமும் ஒரே நெஞ்சில் இருக்குங்கிற 'இரட்டைத் தன்மை'யை ஹுட் ரொம்ப அழகாச் சொல்றார். ஆனா அடி வாங்கினவனுக்கு அந்த இரட்டை கிடையாது. அடிச்சவன் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் கிடைக்கிற வசதி அது. என் நண்பன் கேசட் கடை வாசலில் ரெண்டு மனசோட நிக்கலை.

ஹுட்டுக்கே இது பின்னாடி உறைச்சிருக்கணும். 2015 ஜூனில் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது கறுப்பின மக்களை ஒரு இளைஞன் சுட்டுக் கொன்றதும், அடுத்த மாசமே நியூயார்க் டைம்ஸ் இதழில் அந்தக் கொடிக்கு எதிரா அவர் ஒரு கட்டுரை எழுதினார். தெற்கின் பாரம்பரியம் அந்தக் கொடியை விடப் பெரிசுங்கிறதுதான் அதன் வாதம். 2016ல் வந்த 'அமெரிக்கன் பேண்ட்' ஆல்பத்தில் உருவகம், ஆபரா எதுவும் இல்லை. போலீஸ் கையில் செத்த கறுப்பினப் பையன்களைப் பற்றி நேரடியாகவே பேசுது. பதினஞ்சு வருஷம் ஆச்சு, 'நாங்க பாவம், எங்களைப் புரிஞ்சுக்கோங்க' என்பதிலிருந்து 'நாங்க செஞ்சது இது' என்பதுக்கு வந்து சேர. இசையா முதல் ஆல்பம்தான் பெரிசு. ஆனா ரெண்டாவது இல்லாம முதலாவது முழுசாகாது.

நம்ம பக்கம் கணக்கு தலைகீழ். அடி வாங்கின தரப்பிலிருந்து பாட்டு வந்தாச்சு, படம் வந்தாச்சு, புத்தகம் வந்தாச்சு. வராதது இன்னொரு தரப்பிலிருந்து வரவேண்டிய ஆல்பம். ஸ்பின்னிங் மில் சங்கு, சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி, பால்கோவா, ஆண்டாள் கோபுரம் எல்லாத்தையும் உண்மையான பிரியத்தோட பாடிட்டு, அதே மூச்சில் 1997ஐயும் பாடுற ஒருத்தன். சென்னையிலிருந்து வந்து யாரும் அதைப் பாட முடியாது. அவனுக்குக் கொடை கமிட்டி அட்வான்ஸ் தராது, தயாரிப்பாளரும் தர மாட்டார். கேட்கிறவங்கதான் தரணும்.

அப்படி ஒரு பையனோ பொண்ணோ கிட்டாரும் நோட்டுமா எங்கேயாவது உட்கார்ந்திருந்தா, கடன்பத்திரம் எழுதிக் கொண்டு வாங்க. வட்டி வேண்டாம். முதல் காப்பி ரெண்டு மட்டும் வேணும். ஒண்ணு எனக்கு. இன்னொண்ணைக் கொடுக்க வேண்டிய வீடு எனக்குத் தெரியும்.