ஈஸ்டர்ன் ஏர் லைன்ஸைச் சாகடித்தது யார்?

1991 ஜனவரி 18 நள்ளிரவோடு ஈஸ்டர்ன் ஏர் லைன்ஸ் பறப்பதை நிறுத்திக்கொண்டது. மயாமியைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த நிறுவனம் ஒரு காலத்தில் அமெரிக்காவின் நான்கு பெரிய விமான நிறுவனங்களில் ஒன்று. அதன் சாவுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் பலரும் ஒரு தேதிக் கணக்கைச் சொல்லிவிடுவார்கள். 1989 மார்ச் 4 அன்று மெக்கானிக்குகளும் சுமை ஏற்றுபவர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மார்ச் 9 அன்று நிறுவனம் திவால் மனு போட்டது. நடுவில் ஐந்தே நாள்.

இந்தக் கணக்கை நான் ஏற்கவில்லை. ஆனால் ஈஸ்டர்ன் கதையில் தொழிற்சங்கத்தின் பக்கமும் உண்மையான தவறு ஒன்று இருக்கிறது. சங்கத்தின் மீது பரிவு கொண்டவர்கள் அதைச் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறார்கள். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1986 பிப்ரவரியில் ஒரு ஞாயிறு இரவு. மயாமியில் இயக்குநர் குழு கூடியிருக்கிறது. கடன்காரர்கள் கழுத்தை நெரிக்கிறார்கள். தலைவர் ஃபிராங்க் போர்மன், 1968இல் அப்பல்லோ 8இல் நிலவைச் சுற்றிவந்த அதே விண்வெளி வீரர், ஊழியர்கள் எல்லோரும் 20 சதவீதச் சம்பள வெட்டை ஏற்காவிட்டால் நிறுவனத்தை டெக்சாஸ் ஏரின் ஃபிராங்க் லொரென்ஸோவுக்கு விற்றுவிடுவோம் என்கிறார். பைலட்டுகள் இணங்கிவிட்டார்கள், விமானப் பணியாளர்களும் இணங்கிவிட்டார்கள். மீதி இருப்பது மெக்கானிக்குகள் சங்கத் தலைவர் சார்லி பிரையன். அவர் வாசலில் கொடி பிடித்து நின்றவர் இல்லை. ஊழியர்களுக்கு ஒதுக்கிய நான்கு இடங்களில் ஒன்றில், இயக்குநராகவே அதே அறையில் இருந்தார். கடைசியில் 15 சதவீதம் தருகிறோம், ஆனால் போர்மன் பதவி விலக வேண்டும் என்றார். குழு மறுத்தது. நள்ளிரவு தாண்டி நிறுவனம் லொரென்ஸோ கைக்குப் போயிற்று.

லொரென்ஸோ யார் என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். 1983இல் கான்டினென்டல் நிறுவனத்தைத் திவால் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய், சங்க ஒப்பந்தங்களைக் கிழித்துப்போட்டு, மிகக் குறைந்த சம்பளத்தில் அதைத் திரும்பப் பறக்கவிட்டவர். அப்படிப்பட்டவர் வாசலில் நிற்கும்போது ஒரு தனி மனிதரின் பதவியைப் பணயமாகக் கேட்டது பிழைதான். சங்கத் தலைவர் என்பவர் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பைக் கையில் வைத்திருப்பவர். போர்மன் மீதான கோபம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், அந்த இரவில் அதற்கு இடம் தந்திருக்கக் கூடாது.

கோபத்துக்குக் காரணம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1978இல் அமெரிக்க அரசு விமானக் கட்டணங்கள் மீதும் வழித்தடங்கள் மீதும் இருந்த கட்டுப்பாட்டை விலக்கியது. குறைந்த கட்டணத்தில் புதிய போட்டியாளர்கள் வரப்போகும் நேரத்தில், போர்மன் பெரும் கடன் வாங்கி ஏர்பஸ் ஏ300, போயிங் 757 என்று புது விமானங்களாக வாங்கிக் குவித்தார். விமானங்கள் நல்லவைதான், எரிபொருளும் மிச்சம். ஆனால் டிக்கெட் விற்றாலும் விற்காவிட்டாலும் வட்டி மாதம் பிறந்தால் வந்து நிற்கும். சம்பளத்தைக் குறை என்ற நச்சரிப்பு பெருமளவு அந்த வட்டியிலிருந்து பிறந்தது. 1983 தொடக்கத்தில் சங்கத்தை எதிர்த்து நிற்பேன் என்றவர், கடைசி நேரத்தில் பின்வாங்கி மெக்கானிக்குகளுக்கு மூன்று ஆண்டுகளில் 32 சதவீத உயர்வு கொடுத்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் பணம் இல்லை என்று திரும்பி வந்தார். அப்போது ஊழியர்கள் சம்பளத்தை விட்டுக்கொடுத்து, பதிலுக்கு 25 சதவீதப் பங்கும் நான்கு இயக்குநர் இடங்களும் பெற்றார்கள். ஒரு வருடம் கழித்து, வெட்டு முடிய வேண்டிய நாளில், அதைத் தன்னிச்சையாக நீட்டித்தார் போர்மன். 1986 இரவில் பிரையனுக்கு அவர் சொல் மீது நம்பிக்கை இல்லாமல் போனது இப்படித்தான்.

இதுவரையில் பழி இருபக்கமும் இருக்கிறது, நிர்வாகத்தின் பக்கம் சற்றே கூடுதலாக. லொரென்ஸோ வந்த பிறகு நிலைமை வேறு.

சிஸ்டம் ஒன் என்று ஈஸ்டர்னுக்குச் சொந்தமாக ஒரு கணினி முன்பதிவு அமைப்பு இருந்தது. டிராவல் ஏஜென்ட் மேஜையில் இருக்கும் திரையில் எந்த விமானம் முதலில் தெரிகிறதோ அதுதான் விற்கும் என்ற காலம் அது. பொன் முட்டை இடும் வாத்து என்றே சொல்லலாம். அதைத் தாய் நிறுவனமான டெக்சாஸ் ஏர் எடுத்துக்கொண்டது. ரொக்கமாக ஒரு காசு தரவில்லை. 100 மில்லியன் டாலருக்கு ஒரு கடன்பத்திரம் எழுதிக் கொடுத்தது. பிறகு அதே அமைப்பைப் பயன்படுத்த ஈஸ்டர்ன் கட்டணம் கட்டியது. ஒருவனுடைய சொந்த வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு அவனிடமே வாடகையும் வாங்கினால் என்ன சொல்வோம்? நெவார்க் விமான நிலையத்தின் வாயில்கள் சகோதர நிறுவனமான கான்டினென்டலுக்குப் போயின. லாபம் தந்துகொண்டிருந்த நியூயார்க், பாஸ்டன், வாஷிங்டன் ஷட்டில் சேவை 365 மில்லியன் டாலருக்கு டொனால்ட் டிரம்ப்புக்கு விற்கப்பட்டது.

இவற்றைச் சங்கத்தின் அவதூறு என்று ஒதுக்கிவிட முடியாது. திவால் நீதிமன்றம் நியமித்த ஆய்வாளர் டேவிட் ஷாபிரோ, டெக்சாஸ் ஏருக்கும் ஈஸ்டர்னுக்கும் நடந்த 15 பரிமாற்றங்களைப் பரிசோதித்தார். அவற்றில் 12 கேள்விக்குரியவை என்றும், ஈஸ்டர்ன் இழந்தது 285 மில்லியனிலிருந்து 403 மில்லியன் டாலர் வரை இருக்கலாம் என்றும் 1990 மார்ச்சில் அறிக்கை கொடுத்தார். டெக்சாஸ் ஏர் 280 மில்லியன் தந்து சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. அடுத்த மாதம், நிறுவனத்தை நடத்தும் பொறுப்பை நீதிபதி பர்ட்டன் லிஃப்லண்ட் லொரென்ஸோ தரப்பிடமிருந்து பறித்து ஒரு பொறுப்பாளரிடம் ஒப்படைத்தார்.

சரி, வேலைநிறுத்தத்தையே கொலைகாரன் என்று வைத்துக்கொண்டு பார்ப்போம். வேலைநிறுத்தத்துக்கு முந்தைய 1988ஆம் ஆண்டிலேயே ஈஸ்டர்ன் 335 மில்லியன் டாலர் நஷ்டம் கண்டிருந்தது. மெக்கானிக்குகள் பழைய ஒப்பந்தம் முடிந்தும் ஒரு வருடத்துக்கு மேல் வேலை செய்துகொண்டுதான் இருந்தார்கள். வேலைநிறுத்தத்தை அறுபது நாள் தள்ளிவைக்கக்கூடிய அவசரக் குழு ஒன்றை அமைக்கும்படி அதிபர் புஷ்ஷிடம் கேட்டது சங்கம். வேண்டாம் என்றது நிர்வாகம். புஷ்ஷும் மறுத்தார். வீட்டைக் கொளுத்த வந்தவர்கள் தண்ணீர் கேட்டு நிற்பார்களா?

இதைவிடப் பெரிய சாட்சி அதன் பிறகு நடந்தது. வெளியேறியவர்களுக்குப் பதிலாகக் குறைந்த சம்பளத்துக்குப் புது ஆட்கள் வந்தார்கள். ஆதரவாக வெளிநடப்பு செய்த பைலட்டுகள் 1989 நவம்பரில் கைவிட்டுத் திரும்பியபோது பலருடைய இருக்கை ஏற்கெனவே நிரம்பியிருந்தது. நிர்வாகம் எந்தச் சம்பளத்தைக் கேட்டதோ, எந்தச் சுதந்திரத்தைக் கேட்டதோ, இரண்டும் கிடைத்தன. அதன் பிறகும் நிறுவனம் பிழைக்கவில்லை. வேலைநிறுத்தம் பயணிகளை விரட்டிவிட்டது, அவர்கள் திரும்பவில்லை என்று பதில் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. குவைத் மீதான படையெடுப்பால் 1990இல் எரிபொருள் விலை ஏறியதும் உண்மை. ஆனால் பயணிகள் பயந்ததற்கு வேறு காரணமும் இருந்தது. 1990 ஜூலையில் ஈஸ்டர்ன் மீதும் அதன் மேலாளர்கள் சிலர் மீதும் பராமரிப்புப் பதிவேடுகளைப் பொய்யாக எழுதியதாகக் கிரிமினல் குற்றச்சாட்டு பதிவானது. செய்யாத பழுதுபார்ப்பைச் செய்ததாகக் கையெழுத்திட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. பின்னர் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. எந்த எரிபொருள் விலையும் அந்தக் கையெழுத்தைப் போட வைக்காது.

சங்கம் இருந்தால் விமான நிறுவனம் உருப்படாது என்ற வாதத்துக்கு சவுத்வெஸ்ட் போதும். அமெரிக்காவிலேயே மிக அதிகமாகச் சங்கமயமான நிறுவனங்களில் அது ஒன்று. 1973இலிருந்து 2019 வரை ஒரு வருடம்கூட நஷ்டம் காட்டவில்லை. நம் பக்கம் கிங்ஃபிஷரைப் பாருங்கள். 2005இல் தொடங்கி ஒரு வருடம்கூட லாபம் காணாமல், 2007இல் ஏர் டெக்கனையும் வாங்கிக் கடனில் மூழ்கி, 2012இல் நின்றுபோனது. மாதக்கணக்கில் சம்பளம் வராத பிறகுதான் அங்கே இன்ஜினியர்கள் கருவியைக் கீழே வைத்தார்கள்.

கான்டினென்டலையும் விட்டுவிட முடியாது. லொரென்ஸோவின் மலிவுச் சம்பள வழி 1990 டிசம்பரில் அதை இரண்டாம் முறை திவாலாக்கியது. 1994இல் அதன் தலைமைக்கு வந்த கோர்டன் பெத்யூன், விமானங்கள் நேரத்துக்குப் போகும் வரிசையில் நிறுவனம் முன்னணியில் வந்த மாதங்களில் ஒவ்வொரு ஊழியருக்கும் 65 டாலர் தந்தார். விமானங்கள் நேரத்துக்குப் போயின, லாபமும் வந்தது. ஊழியர்கள் பெரும்பாலும் பழைய ஊழியர்கள்தான்.

ஆகவே என் தீர்ப்பு இது. ஈஸ்டர்னைக் கடனில் தள்ளி நோயாளியாக்கியவர் போர்மன். அதைத் தவறான கையில் விழவிட்டதில் பிரையனுக்கு ஒரு பங்கு உண்டு, அதை அவர் கணக்கிலிருந்து கழிக்க முடியாது. சாகடித்தவர் லொரென்ஸோ. சொத்தை எங்கே அனுப்புவது, எந்த விமானத்தை விற்பது, எந்தப் பதிவேட்டில் யார் கையெழுத்திடுவது என்று முடிவெடுக்கும் அதிகாரம் லொரென்ஸோ வந்ததிலிருந்து 1990 ஏப்ரல் வரை ஒரு தரப்பிடம் மட்டுமே இருந்தது. சங்கத்திடம் இருந்தது வேலையை நிறுத்தும் அதிகாரம் ஒன்றுதான், அதையும் அது கடைசியில்தான் எடுத்தது.

1990 ஆகஸ்டில் லொரென்ஸோ தன் பங்குகளை விற்றுக்கொண்டு சுமார் 30 மில்லியன் டாலரோடு வெளியேறினார். சில ஆண்டுகள் கழித்து ஏடிஎக்ஸ் என்ற பெயரில் புது விமான நிறுவனம் தொடங்க அனுமதி கேட்டார். 1994இல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை, அவர் முன்பு நடத்திய நிறுவனங்களின் வரலாற்றைச் சுட்டிக்காட்டி உரிமம் தர மறுத்தது.