முப்பத்தைந்து வயதுப் பென்ஷன்காரர்கள்

சீக்கிரமாகச் சம்பாதித்து, சிக்கனமாக இருந்து மிச்சம் பிடித்து, நாற்பது வயதுக்குள் உத்தியோகத்தை உதறிவிட்டுச் சுதந்திர மனிதனாக வாழ்வது எப்படி என்று சொல்லும் புத்தகங்கள் இப்போது நிறைய வருகின்றன. படித்த குடும்பத்துப் பிள்ளைகள் நாவல்களைவிட ஆவலோடு அவற்றைப் படிக்கிறார்கள். நாவல் எழுதுகிறவனுக்கு இதில் கொஞ்சம் பொறாமை உண்டு, மறைப்பானேன்? அந்தப் பொறாமையோடுதான் இந்த வகைக்கெல்லாம் மூலநூல் என்று சொல்லத்தக்க ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். ஜோ டொமிங்கெஸ், விக்கி ராபின் என்ற இருவர் சேர்ந்து எழுதி 1992-ல் அமெரிக்காவில் வெளிவந்த 'யுவர் மணி ஆர் யுவர் லைஃப்'. பணமா உயிரா என்று வழிப்பறிக்காரன் கேட்கிற கேள்வியையே தலைப்பாக வைத்திருக்கிறார்கள்.

நல்ல புத்தகம்தான். டொமிங்கெஸ் நியூயார்க்கில் பங்கு வியாபாரிகளின் தெருவில் வேலை பார்த்தவர்; 1969-ல், முப்பத்தோராவது வயதில், இனிப் போதும் என்று வெளியே வந்துவிட்டார். சம்பளம் என்பது ஆயுளை நறுக்கி விற்று வாங்குவது என்பது அவருடைய அடிப்படையான எண்ணம். ஒரு பட்டுப் புடவையின் விலை பன்னிரண்டாயிரம் ரூபாய் என்று பார்க்காதே, உன் ஆயுளில் எத்தனை மணி நேரம் என்று பார் என்கிறார். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு கடைத்தெருவில் நடப்பது பழைய மாதிரி இருக்காது. பிறகு சுவரில் ஒரு வரைபடம் மாட்டச் சொல்கிறார். வருமானத்துக்கு ஒரு கோடு, செலவுக்கு ஒரு கோடு, முதலீட்டிலிருந்து வரும் வட்டிக்கு ஒரு கோடு. வட்டிக் கோடு மெல்ல மெல்ல ஏறி, செலவுக் கோட்டைத் தொடுகிற மாதம் எதுவோ, அன்றைக்கு விடுதலை.

இதற்குப் பின்னால் வந்தவர்கள் அதை ஒரே பெருக்கலாகச் சுருக்கிவிட்டார்கள். ஆண்டுச் செலவைப் போல இருபத்தைந்து மடங்கு சேர்த்துக்கொள் என்கிறார்கள். மாதம் நாற்பதாயிரம் செலவழிக்கும் குடும்பத்துக்கு ஒரு கோடியே இருபது லட்சம். 1994-ல் வில்லியம் பெங்கன் என்பவர் அமெரிக்கப் பங்குகளையும் கடன்பத்திரங்களையும் வைத்து, முப்பது வருஷ ஓய்வுக்குப் போட்ட கணக்கு அது. நாற்பதில் ஓய்வு பெற்று, நம் ஊர் விலைவாசியில் ஐம்பது வருஷம் வாழ நினைப்பவனுக்கு அது எவ்வளவு தூரம் தாங்கும் என்பதைக் கணக்குத் தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு அந்தப் புத்தகத்தோடு உள்ள வழக்கு வேறு.

செலவுக் கோடும் வட்டிக் கோடும் சந்திக்கிற இடத்தில் புத்தகம் மங்களம் பாடுகிறது. நாவலாசிரியனைக் கேட்டால் அந்த இடத்தில்தான் முதல் அத்தியாயம் ஆரம்பமாகிறது. மறுநாள் காலை ஆறு மணிக்கு விழித்துக்கொள்கிறவன் யார்? எதற்காக எழுந்திருக்கிறான்? நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், அந்த நூல் லட்சியத்தைப் பற்றிப் பேசாமல் இல்லை. ஒவ்வொரு செலவையும் எடுத்து, இது உன் வாழ்வின் நோக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்று கேட்கச் சொல்கிறது. ஆனால் கேள்வி எப்போதும் செலவைப் பார்த்தே கேட்கப்படுகிறது. பதினைந்து வருஷம் ஒவ்வோர் ஆசையையும் அப்புறம், அப்புறம் என்று தள்ளிப் போட்டவனுக்குத் தள்ளிப் போடுவதுதான் கைவந்த கலையாக இருக்கும். அந்தக் கலையை வைத்துக்கொண்டு அவன் விடுதலை நாளன்று என்ன செய்வான் என்பதற்குப் பதில் இல்லை. டொமிங்கெஸுக்கு அந்தச் சங்கடம் வரவில்லை. ஓய்வு பெற்ற பிறகு, 1997-ல் இறக்கிற வரையில், மற்றவர்களுக்கு ஓய்வு பெறக் கற்றுக்கொடுப்பதே அவருக்கு வேலையாக இருந்தது. எல்லாரும் அந்த வேலையையே செய்ய முடியுமா?

இதெல்லாம் அமெரிக்கச் சமாசாரம், நமக்கு எதற்கு என்று நினைப்பவர்கள் காரைக்காலுக்கு ஒரு நடை வந்து போகலாம். முப்பத்தைந்து வயதில் ஓய்வு பெறுவது இங்கே இரண்டு மூன்று தலைமுறையாகப் பழகிய விஷயம். 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த இந்த ஊர், நடுவில் ஆங்கிலேயரிடம் போய்த் திரும்பிய காலத்தைத் தவிர்த்தால், 1954 நவம்பர் 1 வரை அவர்களிடமே இருந்தது. 1962-ல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் எழுதிக் கொடுக்க ஆறு மாத அவகாசம் இருந்தது. எழுதிக் கொடுத்தவர்களில் படையில் இருந்தவர்கள், சேர இருந்தவர்கள், அவர்கள் குடும்பத்தார் அநேகர். 'சொல்தா' என்று இங்கே சொல்லுவோம். இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் சண்டை போட்டவர்கள் அவர்கள். அந்தக் காலத்தில் அதிகாரி அல்லாத சிப்பாய் பதினைந்து வருஷம் சேவை செய்தால் அதற்கேற்ற பென்ஷன் கிடைத்தது. இருபதில் சேர்ந்தவர் முப்பத்தைந்தில் பெட்டியோடு வந்து இறங்க முடிந்தது. பிரான்சில் சொற்பமாகத் தெரியும் தொகை அரசலாற்றங்கரையில் பெருந்தொகை.

எல்லாரும் திரும்பி வரவில்லை. பலர் பிரான்சிலேயே வேறு உத்தியோகம் தேடிக்கொண்டார்கள். திரும்பியவர்களைச் சிறு பையனாகப் பார்த்து வளர்ந்தவன் நான். எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். ஐந்து மணிக்கு எழுந்து, முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு கடற்கரை வரைக்கும் விறைப்பாக நடந்துவிட்டு வருவார். எட்டு மணிக்கெல்லாம் அன்றைய அலுவல் தீர்ந்துவிடும். மீதிப் பகலைத் திண்ணையில் ஒரு சாய்வு நாற்காலி விழுங்கிக்கொள்ளும். அவருக்கு எந்தக் குறையும் இல்லை. மாடி வீடு, வாசலில் வேப்பமரம், பட்டுக் கட்டிய மனைவி. தெருவில் போகிறவர்களை மணி கேட்பார். அவர் கையிலேயே கடிகாரம் கட்டியிருக்கும்.

இன்னொருவர் அடுத்த தெரு. படையில் இருக்கும்போதே எழுதப் படிக்கத் தெரியாத தோழர்களுக்கு வீட்டுக் கடிதம் எழுதிக் கொடுத்த மனிதர். வெளிநாட்டில் இருந்துகொண்டு பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிறவர்கள், தாம் உயிரோடு இருப்பதாகச் சான்றிதழ் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். அது போகாவிட்டால் பணம் வராது. கணவன் இறந்த பிறகு மனைவிக்கு ஒரு பங்கு உண்டு. அந்தக் கிழவிகளுக்குப் பிரெஞ்சும் தெரியாது, பாரமும் புரியாது. அவர்கள் எல்லாரும் இவர் வாசலில் வந்து உட்காருவார்கள். "நான் உயிரோடதான் இருக்கேன்னு எழுதுப்பா" என்பார்கள். இவர் சலித்துக்கொள்வார், திட்டவும் செய்வார். "உங்களுக்கெல்லாம் எழுதி எழுதியே நான் செத்துடுவேன், ஆத்தா" என்பார். ஒருத்தியும் வராத நாளில் கதவைப் பிடித்துக்கொண்டு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நிற்பார்.

இரண்டு பேருக்கும் ஒரே பென்ஷன், ஒரே வயது. ஓய்வு கிடைத்த பிறகு நோக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்தார் இரண்டாமவர் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வேலைக்கு நடுவிலேயே, யாரும் கேட்காமலே, கூலியில்லாமல் செய்துகொண்டிருந்த ஒன்றை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் சார்லஸ் லாம்ப் இதைத் தம் சொந்த அனுபவத்திலிருந்து எழுதியிருக்கிறார். நம்மை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் ஆபீசில் 1792-ல் பதினேழு வயதில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, 1825-ல் ஐம்பதாவது வயதில் நல்ல பென்ஷனோடு வெளியே வந்தார். அந்த வருஷமே எழுதிய கட்டுரை 'தி சூப்பரானுவேட்டட் மேன்'. வெகு காலம் சிறையில் கிடந்து திடீரென்று வெளியே விடப்பட்ட பாஸ்டீல் கைதியைப் போலத் தாம் திகைத்ததைச் சொல்கிறார். திங்கட்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் வித்தியாசம் போய்விட்டதையும், பழைய மேஜையைப் பார்க்க ஆபீசுக்கே போனதையும் சொல்கிறார். சிரித்துக்கொண்டே எழுதியதுதான், ஆனால் சிரிப்புக்கு அடியில் ஒரு நடுக்கம் இருக்கிறது. பிறகு நடந்தது இன்னும் ருசிகரமானது. பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்ப் பழைய நாடகங்களைப் படிக்க ஆரம்பித்தார். பத்து மணிக்குப் போய் நாலு மணிக்குத் திரும்புவது, ஆபீஸ் நேரமேதான். அவருக்கும் பழைய நாடகங்கள் புதிதாக வந்த பைத்தியம் இல்லை. குமாஸ்தாவாக இருந்த காலத்திலேயே, 1808-ல், அவற்றிலிருந்து பொறுக்கித் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டவர். ஆனால் நாலு வருஷம் கழித்து நண்பருக்கு எழுதும் கடிதத்தில், வேலை மிகுதியைக் காட்டிலும் வேலையே இல்லாதது பொல்லாதது என்று சத்தியம் செய்கிறார். நாடகம் படிக்கும் ஆசை அவரைக் கொஞ்ச தூரம்தான் தாங்கிற்று. என் கட்சிக்கு இது கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

நம் நாவல்களில் இந்த மனிதனைத் தேடினால் கிடைக்கமாட்டான். கடன் அடைந்ததும், வேலை கிடைத்ததும், கல்யாணம் நடந்ததும் கதையை முடித்துவிடுகிறோம். பென்ஷன்காரர் வந்தால் ஹாஸ்யத்துக்கு வருவார். மூக்குக் கண்ணாடியைத் தேடுவார், மருமகளோடு சண்டை போடுவார். பணக்காரனுக்கு ஞானம் வந்தால் உடனே பட்டினத்தாரைப் போலக் கோவணம் கட்டி அனுப்பிவிடுகிறோம். வயிற்றுக்குக் குறைவில்லை, துறவிலும் நாட்டமில்லை, எதிரே முப்பது நாற்பது வருஷம் கிடக்கிறது என்ற நிலையில் நிற்கிறவனை எழுதிப் பார்க்க நமக்குத் துணிவில்லை. கிட்டத்தட்ட அருகில் போனவர் ஆர். கே. நாராயண். 1967-ல் வந்த 'தி வெண்டர் ஆஃப் ஸ்வீட்ஸ்' நாவலில் மிட்டாய்க்கடை ஜகன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஒரு சிற்பி தேவி சிலை செதுக்குவதைப் பார்க்கத் தோப்புக்குப் புறப்படுகிறான், செக் புத்தகத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டு. அந்தச் செக் புத்தகம் ஒன்றுக்காகவே நாராயணை நான் கும்பிடுவேன். ஆனால் அவரும் புறப்பாட்டோடு நிறுத்திவிட்டார். தோப்பில் ஜகனுடைய இரண்டாவது வாரம் எப்படிப் போயிற்று?

நம் ஊர்க் கதை ஒன்று இருக்கிறது. ஆனியில் மாங்கனித் திருவிழாவுக்குக் கூடுகிற கூட்டத்துக்கெல்லாம் தெரிந்த கதை. சேக்கிழார் சொல்வதைக் கதை எழுதுகிறவன் கண்ணால் படித்துப் பார்த்தேன். காரைக்கால் வணிகன் தனதத்தன் தன் ஒரே மகள் புனிதவதியை நாகப்பட்டினத்து நிதிபதியின் மகன் பரமதத்தனுக்குக் கொடுக்கிறான். பெண்ணைப் பிரிய மனமில்லாமல் பக்கத்திலேயே வீடும் அளவற்ற செல்வமும் கொடுத்து மாப்பிள்ளையை இங்கேயே இருத்திக்கொள்கிறான். இன்றைய புத்தகங்களின் பாஷையில் சொன்னால் கல்யாணத்தன்றே பரமதத்தனுக்குக் கோடுகள் சந்தித்துவிட்டன. புனிதவதியோ தள்ளிப் போடத் தெரியாதவள். சிறு வயதிலிருந்தே அடியாரைப் பேணுவது அவள் வழக்கம். பசியோடு அடியார் வந்தபோது கறியமுது இன்னும் தயாராகவில்லை. கணவன் அனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றை எடுத்துப் போட்டுவிடுகிறாள். அடுப்படியில் நிற்கும்போதே செய்தது அது. கணவன் கைவிட்ட பிறகு, அவனுக்காகச் சுமந்த தசை இனி எதற்கு என்று கேட்டு உதறுகிறாளே, அப்போது அவள் புதிதாக ஒன்றையும் தேடவில்லை.

எனக்கு மனம் பரமதத்தன் பக்கமே போகிறது. உட்கார்ந்து சாப்பிடலாம், அவனோ வாணிகம் செய்கிறான். மனைவியைக் கண்டு பயந்த பிறகு வியாபாரத்தைச் சாக்குச் சொல்லிக் கப்பல் ஏறுகிறான். பாண்டிய நாட்டில் ஒரு பட்டினத்தில் இறங்கி, புதிதாகச் சம்பாதித்து, இன்னொருத்தியை மணந்து, பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்று பெயர் வைக்கிறான். அவள் தேடி வந்ததும் மனைவி மகளோடு காலில் விழுகிறான். அதோடு சேக்கிழாருக்கு அவனிடம் வேலை முடிந்துவிட்டது. அம்மையாரோடு கயிலைக்குப் போய்விடுகிறார். காவியத்துக்கு அது சரி. பயமும் தீர்ந்து, பணமும் நிறைந்து, கையில் குழந்தையோடு நின்ற அந்தச் செட்டி மறுநாள் காலை கடையைத் திறந்தானா என்பதை நாவல் எழுதுகிறவர்களில் யாராவது ஒருவர் எழுதிப் பார்க்க வேண்டும்.