முன்பணமும் பின்பணமும்

டாக்டர் பி. எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நாவலின் பெயர் ‘ரெட் டீ’. சிவப்புத் தேநீர் என்பது பொருள். இரா. முருகவேள் 2007-இல் அதனைத் தமிழாக்கி ‘எரியும் பனிக்காடு’ எனப் பெயரிட்டார். தமிழ்ப் பெயர் அழகியது. எனினும், மூலப் பெயரில் இருந்த ஒரு குற்றச்சாட்டு இதில் விடுபட்டுப் போயிற்று. முன்னது நம் கையிலுள்ள கோப்பையைச் சுட்டுகிறது; பின்னது தொலைவிலுள்ள மலையைக் காட்டுகிறது. திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே இருந்து இந்நூலைப் படிப்போர்க்கு இவ்வேறுபாடு சிறியதன்று.

நூலாசிரியர் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றியவர். நெல்லைச் சீமையின் வறண்ட சிற்றூரிலிருந்து கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் முன்பணத்தைப் பெற்று மலையேறுகின்றனர். மழையும், அட்டைக்கடியும், மலேரியாவும் மருத்துவரின் கண்கொண்டு எழுதப்பட்டுள்ளன. அவற்றினும் கொடிது கணக்கு முடிக்கும் நாள்: உழைத்த கூலி பிடித்தங்களில் கரைந்து, கடன் மட்டும் எஞ்சுகிறது. அக்கணக்கைப் பொறுமையாக எழுதிக் காட்டியதே நூலின் பெருஞ்சிறப்பு.

குறையும் உண்டு. துரையும் மேஸ்திரியும் கொடியவர்களாகவே வருகின்றனர். ஆகவே, அவர்கள் போனதோடு கொடுமையும் போயிற்று என்னும் நிம்மதியுடன் வாசகர் நூலை மூடிவிடக்கூடும்.

வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. 1833-இல் ஆங்கிலேயர் தம் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியபோது, 2 கோடி பவுன் ஈட்டுத்தொகை எஜமானர்களுக்கே போயிற்று. அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை. 1843-இல் இந்தியாவிலும் அடிமைமுறைக்குச் சட்ட ஆதரவு நீங்கிற்று. ஆனால் 1859-இல் வந்த சட்டமோ, முன்பணம் பெற்று வேலையை விட்டோரைச் சிறைக்கு அனுப்ப வழி செய்தது. விலங்கு போய், ஒப்பந்தம் வந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் பிறக்க நாம் 1976 வரை காத்திருந்தோம்.

அதன் பின்னரும் நம் பக்கத்தில் நிகழ்ந்தது என்ன? கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களின் நூற்பாலைகள் பலவற்றில் ‘சுமங்கலித் திட்டம்’ தோன்றிற்று. ஏழை வீட்டுக் கன்னிப் பெண்கள் மூன்றாண்டு விடுதியில் தங்கி உழைக்க வேண்டும்; முடிவில் திருமணச் செலவுக்கென்று முப்பது, ஐம்பது ஆயிரம் ரூபாய் கிடைக்கும் என்பது வாக்குறுதி. உடல் நலிந்து இடையில் வெளியேறியவர்களில் பலருக்கு அத்தொகை கைக்கு எட்டவில்லை. 2011-இல் நெதர்லாந்து ஆய்வு நிறுவனமொன்றின் அறிக்கை இதனை உலகறியச் செய்தது. மலையில் முன்பணம் காலைக் கட்டிற்று. ஆலையில் பின்பணம் கட்டிற்று. ‘சுமங்கலி’ என்னும் மங்கலச் சொல், அக்கட்டின் மேல் போர்த்திய பட்டாயிற்று. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982-இலேயே தீர்ப்பளித்திருந்தும் இந்நிலை.

ஃபிக்ஹு நூல்களில் ‘முகாதபா’ என்றோர் ஒப்பந்தம் உண்டு. அடிமை தவணை தவணையாகப் பொருள் செலுத்தி விடுதலை பெறுவதற்கான பத்திரம் அது. அதனை எழுதிக் கொடுக்கப் பணிக்கும் அந்நூர் அத்தியாயம், எஜமானரும் தம் பொருளிலிருந்து அவருக்கு உதவ வேண்டும் என்கிறது. அங்கே தவணை தளையை அவிழ்த்தது. இங்கோ தவணையே தளையாயிற்று. இதைச் சொல்லும்போது நம்மவர் வரலாற்றையும் மறைத்தல் ஆகாது. இத்தகைய மறையை ஓதிக்கொண்டே முஸ்லிம் நாடுகளும் நெடுங்காலம் அடிமை வாணிபம் செய்தன. சவூதி அரேபியா 1962-இலும், மவுரித்தானியா 1981-இலுமே அடிமைமுறையைச் சட்டப்படி ஒழித்தன. ஓதுதல் வேறு, ஒழுகுதல் வேறு.

வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுமாறு ஏவுகிறது நபிமொழி. மூன்றாண்டில் அப்பெண்களின் வியர்வை எத்தனை முறை உலர்ந்திருக்கும்! நம் இல்லங்களிலும் பனியன் தொழில் செய்வோர் உளர். ரமலானில் ஜகாத்தைக் கணக்கிடும் கைதான் கூலிப் பட்டியலிலும் கையெழுத்திடுகிறது. ‘எரியும் பனிக்காட்டை’ அவர்கள் படிக்கட்டும். படித்து முடித்ததும், தாம் வாங்கும் நூல் எந்த ஆலையில் நூற்கப்பட்டது, நூற்றவளுக்கு இம்மாதக் கூலி இம்மாதமே சேர்ந்ததா என்று ஒருமுறை கேட்கட்டும். டேனியல் இட்ட பெயருக்கு நாம் செய்யும் மரியாதை அதுவே.