பார்வோன் இருந்த கானான்

யாத்திராகமத்தை அகழாய்வோடு ஒப்பிடப் புகுந்தவர்கள் பலரும் சீனாய் மணலிலேயே நின்றுவிட்டார்கள். எகிப்தில் அடிமைகளாயிருந்த இஸ்ரவேலரில் பெண்டு பிள்ளைகள் நீங்கலாக ஏறக்குறைய 6 லட்சம் ஆண்கள் அங்கிருந்து புறப்பட்டார்கள் என்கிறது வேதம். எல்லோரையும் கூட்டினால் 20 லட்சம் தேறும். அன்றைய எகிப்தின் மொத்த மக்கள்தொகையே சுமார் 30 லட்சம் என்று மதிப்பிடப்படுகிறது. இஸ்ரவேலர் நெடுங்காலம் தங்கிய காதேஸ் பர்னேயா எனக் கருதப்படும் ஊற்றங்கரையில் 1976 முதல் 1982 வரை ருடால்ஃப் கோஹன் தோண்டியபோது வெளிப்பட்டவை பிற்கால அரசர்களின் கோட்டைகள். கூடாரத்தில் வாழ்பவர்கள் தடம் விடுவதில்லை, தோற்ற மன்னன் தன் தோல்வியைக் கல்லில் வெட்டிவைப்பதுமில்லை என்று பதில் சொல்வதுண்டு. நியாயமான பதில்தான், ஆனால் சில நூறு பேருக்குத்தான் அது பொருந்தும். பாலைவனத்தின் மௌனத்தை வைத்து எந்தப் பக்கமும் வழக்கை வெல்ல முடியாது.

எகிப்து பேசுகிற இடமும் உண்டு. கி.மு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த ஒரு பாப்பிரஸ் கடிதத்தில், அரண்மனையிலிருந்து தப்பிய இரண்டு அடிமைகளைத் துரத்திப் போன படைத்தலைவன் எழுதுகிறான்: மாலையில் கிளம்பினேன், மறுநாள் எல்லைக் கோட்டையை அடைந்தேன், அதற்குள் அவர்கள் காவல் கோபுரத்துக்கு வடக்கே மதிலைக் கடந்துவிட்டதாகச் சொன்னார்கள், எந்தக் காவலர் அவர்களின் தடத்தைக் கண்டார் என்று எழுதுங்கள். இரண்டே பேருக்கு இவ்வளவு அமளி! தப்பியோடுவது நடந்தது, அதே கிழக்கு எல்லை வழியாகவே நடந்தது என்பதற்கு இது சாட்சி. லட்சக்கணக்கானோர் சத்தமின்றி வெளியேறியிருக்க முடியாது என்பதற்கும் இதுவே சாட்சி. அடிமைகள் கட்டியதாகச் சொல்லப்படும் ராமசேஸ் பட்டணமும் கற்பனையல்ல. கி.மு. 1279 முதல் 1213 வரை ஆண்ட இரண்டாம் ராமசேஸ் எழுப்பிய தலைநகரம் இன்றைய கந்திர் கிராமத்தின் வயல்களுக்கு அடியில் கிடக்கிறது. சாலொமோன் ஆலயம் கட்டத் தொடங்குவதற்கு 480 ஆண்டுகளுக்கு முன் இஸ்ரவேலர் எகிப்தைவிட்டு வந்ததாக ராஜாக்கள் நூல் தரும் கணக்கோ நம்மைக் கி.மு. 15ஆம் நூற்றாண்டுக்கு இழுத்துச் செல்கிறது. அப்போது அந்தப் பெயரில் நகரமே இல்லை. பின்வந்த எழுத்தர் ஊர்ப்பெயரைப் புதுப்பித்தார் என்று சமாளிக்கலாம்தான்.

உண்மையான சிக்கல் கானானில் இருக்கிறது. பார்வோன் மூன்றாம் துத்மோஸ் மெகிதோவில் வென்றது முதல் கி.மு. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை கானான் எகிப்தின் ஆளுகையில் இருந்தது. பெத்சானில் எகிப்தியப் படை முகாமிட்டிருந்தது. மெகிதோவில் ஆறாம் ராமசேஸின் பெயர் பொறித்த வெண்கலப் பீடமே கிடைத்திருக்கிறது. எகிப்திலிருந்து தப்பிக் கானானுக்குப் போவது, வாசல்வழி ஓடிக் கொல்லைப்புறமாக அதே வீட்டுக்குள் நுழைவதைப் போன்றது. இஸ்ரவேலர் கானானைக் கைப்பற்றிய கதையைச் சொல்லும் யோசுவாவின் நூலிலோ நாட்டை ஆளும் எகிப்தியர் ஒருவர்கூட எதிர்ப்படுவதில்லை. அதில் வீழ்ந்ததாகச் சொல்லப்படும் நகரங்களில், எரிகோவை 1952 முதல் 1958 வரை தோண்டிய காத்லீன் கென்யன், அதன் மதில் சூழ்ந்த நகரம் கி.மு. 1550 வாக்கிலேயே அழிந்துவிட்டதைக் காட்டினார். ஆயி எனக் கருதப்படும் மேடு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆளரவமற்றுக் கிடந்தது. ஆத்சோர் மட்டும் கி.மு. 13ஆம் நூற்றாண்டில் உண்மையாகவே எரிந்தது. எரித்தது யார் என்ற சண்டை ஓயவில்லை. 1896இல் பிளிண்டர்ஸ் பெட்ரி தீப்ஸில் கண்டெடுத்த பார்வோன் மெர்னெப்தாவின் கல்வெட்டு, கி.மு. 1208 வாக்கில் இஸ்ரவேல் என்ற மக்கள் கானானில் இருந்ததை உறுதிசெய்கிறது. மலைப்பகுதியில் புதிதாக முளைத்த அவர்களின் சிற்றூர்களில் கிடைக்கும் பானைகளோ கானானியப் பானைகளின் வழிவந்தவை. எகிப்திலிருந்து ஒரு பெரும் ஜனத்திரள் வந்து குடியேறியதற்கான அடையாளம் இல்லை.

அப்படியானால் அடிமைத்தனத்தின் நினைவு எங்கிருந்து வந்தது? கானானிலிருந்தே என்பது ரொனால்ட் ஹெண்டல், நாதாவ் நாமான் போன்ற ஆய்வாளர்களின் வாதம். இன்றுள்ள சான்றுகளோடு அதுவே அதிகம் பொருந்துவதாக எனக்குப் படுகிறது. மெகிதோவின் சிற்றரசன் பார்வோனின் நிலத்தை உழக் கட்டாய வேலையாட்களைக் கொண்டுவந்ததை கானான் சிற்றரசர்கள் பார்வோனுக்கு எழுதிய அமர்னா கடிதங்களில் ஒன்று சொல்கிறது. கானானியர் பலர் கைதிகளாக எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பிறகு அந்த ஆட்சி சரிந்தது. மக்கள் இருந்த இடத்திலேயே இருக்க, வெளியேறியவன் பார்வோன். தன் முன்னோரை அடிமைகள் என்று எந்த இனம் இட்டுக்கட்டும் என்று கேட்பவர்களுக்கு, அடிமைத்தனம் இட்டுக்கட்டப்படவில்லை, அது நடந்த இடம்தான் கதையில் மாறியது என்று சொல்லலாம். லேவியர் என்ற சிறு ஆசாரியக் கூட்டம் மட்டும் எகிப்திலிருந்து வந்தது, அதனால்தான் அவர்களிடையே மோசே, பினெகாஸ் போன்ற எகிப்தியப் பெயர்கள் என்கிறார் விவிலிய அறிஞர் ரிச்சர்ட் எலியட் ஃபிரீட்மன். நடந்திருக்கக்கூடியதே. ஆனால் முந்நூறு ஆண்டுக்கும் மேலாக எகிப்திய அதிகாரிகள் வாழ்ந்த நாட்டில் எகிப்தியப் பெயர் வைத்துக்கொள்ள யாரும் எல்லை தாண்டி வந்திருக்க வேண்டியதில்லை.