முதலில் விளக்கைப் பாருங்கள்

அளவு குறைத்துச் செய்த ராணுவ வண்டிகளைக் கண்காட்சியிலோ நண்பர் வீட்டு அலமாரியிலோ பார்க்கிறவர்கள் பெரும்பாலும் சேற்றைப் பாராட்டுவார்கள், துருவைப் பாராட்டுவார்கள், டயரில் படிந்த புழுதியைப் பாராட்டுவார்கள். எல்லாம் பாராட்டத் தகுந்தவைதான். ஆனால் செய்தவரின் கை எவ்வளவு தேர்ந்தது என்று தெரிய வேண்டுமானால் ஹெட்லைட்டிலிருந்து தொடங்குங்கள் என்பேன். ராணுவ வண்டியில் மற்றதெல்லாம் இரும்புத் தகடு, மரம், கித்தான், ரப்பர். அவற்றின் மேற்பரப்பு மட்டுமே நம் கண்ணில் படும். பிளாஸ்டிக்கின் மேல் சரியான வண்ணம் ஏறிவிட்டால் கண் நம்பிவிடும். ஹெட்லைட் அப்படி இல்லை. கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்க்க வேண்டிய குழி அது. உள்ளே வளைந்த ரிஃப்ளெக்டர், நடுவில் பல்பு. வண்ணம் மட்டும் போதாத இடம் இது.

முதலில் அளவைப் புரிந்துகொள்வோம். இந்தக் கலையில் அதிகம் புழங்குவது 1/35. ஜப்பானின் ஷிசுவோகாவில் இருக்கும் தமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் ஒரு பாந்தர் டாங்கி கிட்டைக் கொண்டுவந்தது. உள்ளே மோட்டாரும் பேட்டரிகளும் அடங்க வேண்டும் என்பதற்காக வைத்த உடலளவு அது. கணக்குப் பார்த்தால் 1/35 வந்தது. பிறகு வந்த நிறுவனங்களும் அதையே பிடித்துக்கொண்டன. அமெரிக்காவில் 1940ஆம் ஆண்டு மாடல் கார்களோடு பரவிய சீல்டு பீம் விளக்கின் விட்டம் 7 அங்குலம், சுமார் 178 மில்லிமீட்டர். அதை 35ஆல் வகுத்தால் 5 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அந்த இடத்துக்குள் ரிஃப்ளெக்டர், பல்பு, கண்ணாடி மூன்றும் வர வேண்டும்.

அணைந்திருக்கும் ஹெட்லைட்டுக்கு என்ன நிறம்? கேட்டால் பலரும் வெள்ளி நிறம் என்பார்கள். அடுத்த முறை தெருவில் பழைய புல்லட் ஒன்று நின்றால் அதன் முன் குனிந்து பாருங்கள். அதன் உருண்டை விளக்கும் அதே 7 அங்குலம்தான். வெள்ளி நிறம் அங்கே மிகக் குறைவாகத்தான் இருக்கும். நேர் எதிரே நின்றால் நடுவில் இருள், உங்கள் நிழல், ஊதிப் பெரிதான பல்பின் உருவம். கொஞ்சம் நகர்ந்தால் குழியின் கீழ்ப்பாதி வெளுக்கும், மேல்பாதி கறுக்கும். எவர்சில்வர் கரண்டியின் குழிப் பக்கத்தில் முகம் தலைகீழாகத் தெரிவதற்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான்: குழிந்த பரப்பு வானத்தைக் கீழேயும் தரையை மேலேயும் காட்டுகிறது. முன்கண்ணாடியில் செங்குத்தான வரிகள் இருந்தால் இந்தக் காட்சி மேலும் பட்டை பட்டையாக உடையும். ரிஃப்ளெக்டருக்கென்று சொந்த நிறம் கிடையாது. சுற்றிலும் உள்ளதைப் புரட்டித் தருவதுதான் அதன் தோற்றம்.

இதைத் தெரிந்துகொண்டால் மாடலைச் சோதிக்க ஒரே ஓர் அசைவு போதும். மேசை விளிம்பில் குனிந்து, உங்கள் கண் மேசைப் பரப்பிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு வரட்டும். 1/35 உலகத்தில் எழுந்து நிற்கும் மனிதனின் கண்மட்டம் ஏறக்குறைய அதுதான். இப்போது தலையை இடமும் வலமும் மெல்ல நகர்த்துங்கள். நல்ல விளக்கில் ஒரு மினுக்கம் குழியின் விளிம்போடு ஓடும். இருண்ட பகுதி இடம் மாறும். பல்பு பக்கவாட்டில் பெயர்ந்து, அது கண்ணாடிக்குப் பின்னால் தள்ளி இருக்கிறது என்று காட்டும். வெள்ளி பெயின்ட் தடவிய விளக்கில் எதுவும் நகராது.

வெள்ளி பெயின்ட் ஏன் தோற்றுப்போகிறது என்பதும் கவனிக்கத் தக்கது. சாதாரண வெள்ளி பெயின்ட்டில் இருப்பவை அலுமினியத் துகள்கள். அவை ஆளுக்கொரு கோணத்தில் படிவதால் ஒளி சிதறி, சாம்பல் கலந்த மினுமினுப்புதான் மிஞ்சும். ஐந்து மில்லிமீட்டர் வட்டத்தில் துகளின் பருமனே கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதனால் தேர்ந்தவர்கள் வேறு வழிகளுக்குப் போனார்கள். சிலர் மெல்லிய உலோகத் தாளைக் குழிக்குள் வைத்து, உருண்டை முனையுள்ள கருவியால் சுருக்கம் விழாமல் அழுத்திப் படியவைக்கிறார்கள். சிலர் மோலோட்டோவ் நிறுவனத்தின் லிக்விட் குரோம் பேனாவால் ஒரே சொட்டு விட்டு, அது தானாகப் பரவி உலரும்வரை தொடாமல் விடுகிறார்கள். ரயில் மாடல்காரர்களுக்காகச் செய்து விற்கப்படும், பின்புறம் பளபளப்பு ஏற்றிய குட்டி லென்ஸ்களை வாங்கிப் பொருத்துபவர்களும் உண்டு. எனக்கு உலோகத் தாள்தான் பிடிக்கும். அதில் கிடைக்கும் பிரதிபலிப்புக்குப் பெயின்ட் கிட்ட வருவதில்லை.

இதற்கெல்லாம் முன்னால் குழி வேண்டும். பழைய கிட்களில் ஹெட்லைட் முழுக் கட்டியான பிளாஸ்டிக் வட்டு. முன்பக்கம் சற்றே புடைத்திருக்கும், அவ்வளவுதான். அதைக் குடைந்து கிண்ணமாக்குவதில்தான் பொறுமை சோதிக்கப்படுகிறது. முதலில் நடுவில் ஒரு சிறு துளை, பிறகு பர் எனப்படும் உருண்டைத் தலையுள்ள குடையும் முனை, கையால் மெதுவாகச் சுழற்றியபடி. விளிம்பில் மிஞ்சும் சுவர் காகிதம்போல் மெலிய வேண்டும். மாடலை ரசிக்கிறவர் இந்த விளிம்பைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். உண்மை விளக்கின் வளையம் மெல்லிய தகடு; மாடலில் விளிம்பு அரை மில்லிமீட்டர் இருந்தால் அது நிஜத்தில் பதினேழரை மில்லிமீட்டர்ச் சுவருக்குச் சமம்.

கண்ணாடிக்கும் இதே கணக்கு. ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள தெளிந்த பிளாஸ்டிக் உண்மையில் 35 மில்லிமீட்டர் கண்ணாடி என்று அர்த்தம். அப்படியொன்றைப் பொருத்தினால் விளக்கு நீர்மூழ்கிக் கப்பலின் ஜன்னலாகிவிடும். அதனால் மெல்லிய தெளிந்த தாளிலிருந்து வட்டம் வெட்டி, லேசாகச் சூடாக்கிப் புடைக்கவைக்கிறார்கள். இல்லையென்றால் புற ஊதா ஒளியில் இறுகும் ரெசினைச் சொட்டாக விடுகிறார்கள். சொட்டின் மேற்பரப்பு தானாகவே லென்ஸ் வடிவம் எடுத்துக்கொள்ளும். ஆனால் கிண்ணத்தை முழுக்க ரெசினால் நிரப்பிவிட்டால் உள்ளே காற்று இல்லாமல் போய், பல்பும் ரிஃப்ளெக்டரும் பிசினில் புதைந்தவை போலத் தெரியும். கண்ணாடிக்கும் கிண்ணத்துக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தக் கைக்கு ஒரு வணக்கம் வையுங்கள்.

பல்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஃபைபர் ஆப்டிக் இழையின் நுனியைச் சூடுபடுத்தினால் அது திரண்டு சிறு குமிழாகும், அதுவே பல்பு.

இவ்வளவு பாடுபட்ட பிறகும் இரண்டு தவறுகள் எல்லாவற்றையும் கெடுத்துவிடக்கூடும். சூப்பர் க்ளூவின் ஆவி தெளிந்த பிளாஸ்டிக்கில் பட்டால் வெண்படலம் பூத்துவிடும். மற்றொன்று மேட் வார்னிஷ். ராணுவ வண்டிக்குப் பளபளப்பு ஆகாது என்பதால் கடைசியில் முழு வண்டிக்கும் மேட் வார்னிஷ் அடிப்பார்கள். அப்போது விளக்கை மறைக்காமல் விட்டால் கண்ணாடி உயிரிழந்துவிடும். புழுதி படிந்த விளக்கு வேறு விஷயம். வண்டி முழுக்கப் புழுதி இருக்க, விளக்கு மட்டும் கழுவி வைத்தாற்போல் மின்னினால் அது நெருடும். அசல் புழுதி ஓரத்தில் தடித்தும், துணியால் துடைத்த நடுப்பகுதியில் மெலிந்தும் இருக்கும். அந்தத் துடைப்பின் வளைவைக் காட்டியிருந்தால், ஓட்டுநர் ஒருவர் அங்கே இருந்திருக்கிறார் என்று நம்பத் தோன்றும்.

இதுவரை சொன்னது கைத்திறன். விளக்கின் இன்னொரு பாதி வரலாறு. எனக்கு இதில்தான் ஈடுபாடு அதிகம், ஏனென்றால் போர்க்கால விளக்கின் முதல் வேலையே வெளிச்சத்தை ஒளிப்பது.

இரண்டாம் உலகப்போர்க் கால வில்லிஸ் ஜீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஹெட்லைட்கள் கிரில்லுக்குப் பின்னால் கீல் வைத்த சட்டத்தில் உட்கார்ந்திருக்கும். விங் நட்டைத் தளர்த்திப் பின்னால் திருப்பினால் அதே விளக்கு எஞ்சினுக்கு வெளிச்சம் காட்டும். இருட்டில் பழுது பார்க்கத் தனி விளக்கு வேண்டாம். பானெட்டைத் திறந்து வைத்த ஜீப் மாடல் கண்ணில் பட்டால் உடனே இந்தக் கீலைத் தேடுங்கள். செய்தவர் ஒரு விளக்கை எஞ்சின் பக்கம் திருப்பி வைத்திருந்தால், அவர் வண்டியின் பயனைப் புரிந்து செய்தவர். முன்புறம் பெரிய விளக்குகளோடு சிறிய பிளாக்அவுட் மார்க்கர் விளக்குகளும் இருக்கும். பிந்தைய வண்டிகளில் இடது மட்கார்டின் மேல் மூடி போட்ட பிளாக்அவுட் விளக்கும் சேர்ந்துகொண்டது. இரவில் விமானத்தின் கண்ணில் படாமல் வரிசையாகப் போவதற்கான ஏற்பாடு இது.

ஜெர்மானியர் இதே தேவைக்கு நோடெக் விளக்கைப் பயன்படுத்தினார்கள். மியூனிக்கின் நோவா டெக்னிக் நிறுவனம் செய்தது. பெயரும் அதிலிருந்தே வந்தது. தட்டையான மூடிக்கு அடியிலிருந்து தரையை நோக்கி ஒளி கசியும். பெரும்பாலும் வண்டியின் இடது முன்பக்கத்தில் இருக்கும். பின்பக்க விளக்கு இன்னும் நுட்பமானது. நான்கு சிறு ஜன்னல்கள். பின்னால் வரும் ஓட்டுநருக்கு மிகத் தொலைவிலிருந்து அவை ஒரே புள்ளியாகத் தெரியும், சரியான இடைவெளியில் இரண்டாகப் பிரியும், மிக நெருங்கிவிட்டால் நான்காகும். அளவுகோல் எதுவும் இல்லாமல் மனிதக் கண்ணின் வரம்பை வைத்தே தூரத்தைச் சொல்லிவிடும் ஏற்பாடு. பிரிட்டிஷார் வேறு வழி கண்டார்கள்: லாரியின் பின் அச்சில் உள்ள டிஃபரன்ஷியல் பெட்டிக்கு வெள்ளையடித்து, அதன்மேல் மட்டும் விழும்படி ஒரு சிறு விளக்கு வைத்தார்கள். பின்னால் வருபவர் அந்த வெள்ளை வட்டத்தைப் பின்தொடர்ந்தால் போதும். ஒரு பிரிட்டிஷ் லாரி மாடலை, உரிமையாளர் அனுமதித்தால், பின்புறம் குனிந்து பாருங்கள். அங்கே வெள்ளை இருந்தால் மனம் நிறையும்.

விளக்கின் எண்ணிக்கையும் காலத்தைச் சொல்லும். பாந்தர் டாங்கியின் முதல் வகையான டி வகையில் தொடக்கத்தில் இரண்டு ஹெட்லைட்கள். பிறகு உற்பத்தியை எளிமையாக்க ஒன்றாகக் குறைத்தார்கள். டைகர் I டாங்கியிலும் இதே கதைதான்: முதலில் இரண்டு, கடைசிக் காலத்தில் முகப்பின் நடுவில் ஒன்று. 1943இன் தொடக்க கால வண்டி என்று பெயர்ப்பலகை சொல்ல, விளக்கு வேறு காலத்தைச் சொன்னால் ஆராய்ச்சி அரைகுறை. அமெரிக்க ஷெர்மன் டாங்கியில் ஹெட்லைட்டைக் கழற்றிவிடலாம். அப்போது அது மாட்டியிருந்த துளைக்கு ஓர் அடைப்பான் போடுவார்கள்; விளக்கு மாட்டியிருக்கும்போது அந்த அடைப்பானை வைக்கத் தனிப் பிடிப்பு பக்கத்திலேயே இருக்கும். விளக்கு இருந்தால் அடைப்பான் பிடிப்பில், விளக்கு இல்லாவிட்டால் துளையில். இதைச் சரியாகக் காட்டிய மாடலைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி வரும். ஷெர்மன் விளக்கைச் சுற்றியுள்ள காப்பு பட்டை இரும்பு. அதற்குப் பித்தளைத் தகட்டில் அரித்தெடுத்த பாகம் பொருத்தம். உருண்டைக் கம்பியால் ஆன காப்புக்கு அதே தட்டையான பித்தளையை வைத்தால் பக்கவாட்டில் பார்க்கும்போது காப்பு காணாமல் போய்விடும். அங்கே கம்பியை வளைத்துத்தான் செய்ய வேண்டும்.

சில மாடல்களில் கண்ணாடியே தெரியாது. முழு விளக்கும் வண்டியின் நிறத்திலேயே இருக்கும், நடுவில் ஒரு கிடைக்கோட்டுப் பிளவு மட்டும். வேலை முடியவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். போர்க்காலத்தில் கித்தான் உறை போட்டும், கண்ணாடியின் மேலேயே பெயின்ட் அடித்தும் பிளவு அளவுக்கு மட்டும் ஒளியை விட்டார்கள். உழைத்துச் செய்த லென்ஸை மறைத்துப் பெயின்ட் அடிக்க ஒருவருக்கு மனம் வந்தால், அவர் வண்டியின் வரலாற்றுக்கு முதலிடம் தருகிறார் என்று பொருள்.

எரியும் விளக்குள்ள மாடல்கள் கூட்டத்தை இழுக்கும். 1 மில்லிமீட்டருக்கு அரை மில்லிமீட்டர் அளவே உள்ள 0402 வகை எல்இடி இப்போது எளிதாகக் கிடைப்பதால் இது சாத்தியமானது. எனக்கு இதில் தயக்கம் உண்டு. முதலாவது, நிறம்: ஆறு வோல்ட் இழை பல்பு மஞ்சளோடிய ஒளி தரும், நீலம் பாய்ந்த வெள்ளை எல்இடி 1944ஆம் ஆண்டு ஜீப்பில் ஒட்டவே ஒட்டாது. இரண்டாவது, கசிவு: உட்புறம் கறுப்படிக்காவிட்டால் விளக்கின் உடலே சிவந்து ஒளிரும். மூன்றாவது முக்கியமானது. போர்முனைக் காட்சியில் இரண்டு ஹெட்லைட்டும் முழு வீச்சில் எரிந்தால் அந்த வண்டி அடுத்த நிமிடம் இருக்காது. போர்முனைக்கு வெகு பின்னால் உள்ள பணிமனை, போருக்குப் பிந்தைய ஊர்வலம் என்றால் சரி.

1/72 அளவில் அதே விளக்கு இரண்டரை மில்லிமீட்டர்தான். குடைவது அங்கே சிலருக்கே கைவரும். மற்றவர்கள் தூரிகையை நம்புகிறார்கள்: மேல்பாதி கருஞ்சாம்பல், கீழே வர வர வெளிர்நீலம், பிறகு வெள்ளை, மேலே ஓரத்தில் ஊசிமுனை அளவு வெண்புள்ளி, கடைசியில் பளபளக்கும் வார்னிஷ் ஒரு சொட்டு. வானம் கீழே, தரை மேலே என்ற அதே விதிதான் இங்கே வண்ணமாகியிருக்கிறது. தலையை நகர்த்தினால் இது அசையாது. ஆகவே இதை ஓவியமாகவே மதிப்பிடுங்கள், இரண்டடி தள்ளி நின்று.

படம் எடுப்பவர்கள் போனின் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். நேராக அடிக்கும் ஒளி லென்ஸில் ஒரு வெள்ளைப் பொட்டாகி உள்ளே இருப்பதையெல்லாம் மறைத்துவிடும். அனுமதி கேட்டு, சிறு டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து சாய்த்துப் பிடித்தால் கிண்ணத்தின் வளைவும் பல்பும் கண்ணாடியின் வரிகளும் தனித்தனியாகத் தெரியும். கண்காட்சி நடுவர்கள் டார்ச்சும் கையுமாக அலைவதற்கும் காரணம் இதுதான்.