குருமனையில் ஒரு பிணம்: ஆங்கிலச் சிற்றூர்க் கொலைக்கதைகளின் கவர்ச்சி

நம் ஆயர்களுள் பலர் விரும்பி வாசித்தாலும், வாசித்ததாக எங்கும் சொல்லிக்கொள்ளாத ஒரு நூல் வகை உண்டு. ஆங்கில நாட்டுச் சிற்றூர் ஒன்று, அதன் நடுவே ஒரு பழைய கோவில், அதை ஒட்டிக் குருமனை, தேநீர் வேளையில் ஊர்க்கதை பேசும் முதிய பெண்மணிகள், ஒரு பிணம். கொலையைப் பற்றிய கதையேயாயினும் வாசிப்பவர் முகத்தில் புன்னகை மாறுவதில்லை. அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் கதைகளில் உருப்பெற்ற இவ்வகை, எம். சி. பீட்டன் 1992இல் தொடங்கிய அகதா ரெய்சின் நாவல் வரிசையிலும், 1997இல் தொடங்கிய 'மிட்சோமர் மர்டர்ஸ்' தொலைக்காட்சித் தொடரிலும், ரிச்சர்ட் ஆஸ்மன் 2020இல் வெளியிட்ட 'தி தர்ஸ்டே மர்டர் கிளப்' என்னும் நாவலிலும் இன்றும் வாழ்கிறது. எழுதுவோருள் திருச்சபையாரும் உளர். கேன்டர்பரி பேராயராயிருந்த ராபர்ட் ரன்சியின் மகன் ஜேம்ஸ் ரன்சி, ஒரு குருவானவரையே துப்பறிபவராக்கி 'கிரான்செஸ்டர்' கதைகளை எழுதினார். ஆங்கிலிக்கன் குருவாகிய ரிச்சர்ட் கோல்ஸ் 2022இல் இத்துறையில் இறங்கினார். கொலையும் நகைச்சுவையும் கோவிலும் இவ்வாறு ஓரிடத்தில் கூடுவது ஏன் என்பது இறையியல் மாணவர் கேட்கத் தகுந்த கேள்வியாகும்.

கிறிஸ்டியின் 'தி மர்டர் அட் தி விக்கரேஜ்' (1930) இவ்வகைக்கு முன்மாதிரி. மிஸ் மார்ப்பிள் இடம்பெறும் முதல் நாவலும் இதுவே. கதையைச் சொல்பவர் செயின்ட் மேரி மீட் என்னும் ஊரின் குருவானவர் லெனர்ட் கிளெமென்ட். அவருடைய மனைவி கிரிசெல்டா வயதில் மிக இளையவர். இல்லம் நடத்தும் திறன் சற்றும் அற்றவர். பணிப்பெண் மேரியின் சமையலோ வாயில் வைக்கத் தரமன்று. காணிக்கைப் பையில் தாம் இட்ட ஒரு பவுன் நோட்டு கணக்கில் வரவில்லை என்று ஓர் அம்மையார் புகார் கூறுகிறார். கோவில் கண்காணிப்பாளராகிய கர்னல் புரொதெரோ, சபைக் கணக்கு முழுவதையும் சோதித்தாக வேண்டும் என்று முரண்டு பிடிக்கிறார். நம் ஆயர்களுக்கு இப்பகுதிக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. இந்தக் கர்னலே பின்னர்க் குருவானவரின் படிப்பறையில், அவருடைய எழுதுமேசையருகே சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். யார் கொன்றார் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. நூலை இன்னும் வாசியாதவர் சபிப்பார்.

இந்நாவலின் நகைச்சுவை வெளிப்பூச்சு அன்று. சிறிய ஊரில் அனைவரும் ஒருவரை ஒருவர் கவனிக்கின்றனர் என்னும் உண்மையிலிருந்து அது ஊற்றெடுக்கிறது. மிஸ் மார்ப்பிள் தம் தோட்டத்தில் நின்றவாறே யார் எந்நேரத்தில் எவ்வழி சென்றார் என்பதை அறிகிறார். உலகிலுள்ள ஒவ்வொரு தீமைக்கும் தம் ஊரில் ஒரு சிறு ஒப்புமையை அவரால் காட்ட முடியும். மனிதரைப் பற்றி மிகக் கெட்டதையே எதிர்பார்ப்பதும், பெரும்பாலும் அதுவே சரியாய் அமைவதும் அவருடைய வழக்கம். கால்வினின் பாவக்கோட்பாட்டைப் பின்னல் ஊசியோடு அமர்ந்து போதிக்கும் மூதாட்டி என்று இவரைக் கூறலாம். கதையின் பிற்பகுதியில், வழக்கமாக அமைதியாகப் பேசும் குருவானவர் ஒரு ஞாயிறு மாலை உணர்ச்சி மேலிட்டு மனந்திரும்புதலைப் பற்றி முழங்கிவிடுகிறார். பின்னர் அதற்காகச் சற்றுக் கூசுகிறார். அன்றிரவே ஒருவர் தொலைபேசியில், தாம் குற்றத்தை அறிக்கையிட வேண்டும் என்று கதறுகிறார். பிரசங்கம் ஒன்று வேலை செய்துவிட்டதைக் கண்டு பிரசங்கியே திடுக்கிடும் இக்காட்சிக்கு ஈடாக, ஆயர் வாழ்வைப் பற்றிய புனைகதைகளில் மிகச் சிலவற்றையே கூற முடியும்.

எனினும் இந்த மகிழ்ச்சிக்கு ஒரு விலை உண்டு. இக்கதைகளில் கொலையுண்டவரை எவரும் விரும்புவதில்லை. கர்னலைக் கொல்பவர் உலகிற்கு நன்மை செய்தவராவார் என்று குருவானவரே உணவு மேசையில் வாய்தவறிச் சொல்லிவிடுகிறார். இறந்தவருக்காக அழுவோர் இருப்பின் வாசகர் சிரிக்க இயலாது. ஆகவே அழத்தகாத ஒருவரையே ஆசிரியர் கொல்லத் தேர்ந்தெடுக்கிறார். பிணம் ஒரு புதிராகிறது, மனிதன் மறைகிறான்.

இவ்வகைக் கதைகளுக்குத் தாம் அடிமை என்று ஒப்புக்கொண்ட கவிஞர் டபிள்யூ. எச். ஆடன், 1948இல் 'தி கில்ட்டி விக்கரேஜ்' என்னும் கட்டுரையில் இதன் இறையியலை ஆராய்ந்தார். வாசகர் தேடுவது ஏதேன் தோட்டத்தை என்பது அவர் முடிவு. குற்றமற்ற ஓர் ஊர். அதில் கொலை புகுகிறது. அதனால் எல்லாரும் ஐயத்துக்கு ஆளாகின்றனர். துப்பறிபவர் குற்றவாளி ஒருவரைச் சுட்டிக்காட்டி அகற்றியதும் ஊர் மீண்டும் தூய்மையடைகிறது. தம்முள் ஏதோ ஒரு குற்ற உணர்வைச் சுமக்கும் வாசகர், குற்றவாளி தாம் அல்லர் என்னும் ஆறுதலோடு நூலை மூடுகிறார். பாவ அறிக்கையின்றியே பாவ மன்னிப்பு! ஆடனின் கருத்து ஆழமானது. ஆனால் அந்த ஏதேனுக்கு வேலி போட்டவர் யார் என்பதை அவர் போதிய அளவு கேட்கவில்லை. 'மிட்சோமர் மர்டர்ஸ்' தொடரின் தயாரிப்பாளர், அதில் வேற்றினத்தவர் இல்லாமையே அதன் ஆங்கிலத் தன்மை என்னும் பொருள்படப் பேசியதற்காக 2011இல் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். முன்னரே, குருவாகவும் துப்பறி கதாசிரியராகவும் விளங்கிய ரொனால்டு நாக்ஸ் 1929இல் இக்கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தபோது, சீனர் எவரும் கதையில் வரலாகாது என்றும் ஒரு கட்டளை சேர்த்தார். மர்மமான சீனரையே வில்லனாக்கும் மலிவான பழக்கத்தைக் கேலி செய்ய அவர் அதை எழுதியிருக்கலாம். ஆயினும் வேலி வேலியே. இத்துறையின் மூத்த நாவல்களுள் ஒன்றாகிய வில்கி காலின்ஸின் 'தி மூன்ஸ்டோன்' (1868), ஆங்கில மாளிகையில் காணாமற்போகும் வைரம் 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணச் சூறையில் கொலை செய்து கவரப்பட்டது என்று தொடங்குகிறது. பின்வந்தோர் அந்த நேர்மையைக் கைவிட்டனர். இந்தியாவில் ஊழியம் பார்த்து ஓய்வுபெற்ற கர்னல்கள் அவர்கள் கதைகளில் மலிந்திருந்தும், அவர்கள் இங்கே என்ன செய்தனர் என்பதை எந்தத் துப்பறிபவரும் விசாரிப்பதில்லை.

தமிழில் இதற்கு இணையானது எது? ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் காலம் முதல் துப்பறியும் நாவல்களுக்கு இங்கே குறைவில்லை. நகைச்சுவையில் எவரும் எட்டாத இடத்தைப் பெற்றது, தேவன் ஆனந்த விகடனில் எழுதிய 'துப்பறியும் சாம்பு'. சாம்புவுக்கு அறிவு மட்டு. அவன் தவறிச் செய்வதெல்லாம் சரியாய் முடிகின்றன. இன்ஸ்பெக்டர் கோபாலன் அவனை மேதையென்று போற்றுகிறார். மிஸ் மார்ப்பிள் மனிதப் பாவத்தை அறிந்ததனால் வெல்கிறார். சாம்புவோ எதையும் அறியாமலே வெல்கிறான். தகுதியின்றிப் பெற்ற வெற்றி என்னும் வகையில் சாம்பு கிருபையின் கோட்பாட்டுக்கு நெருங்கியவன் எனலாம்; விளையாட்டாகவே சொல்கிறேன். ஆனால் அவன் உலகம் சென்னை நகரத்து நடுத்தரக் குடும்பங்களின் உலகம்.

சிற்றூர், கொலை, நகைச்சுவை மூன்றும் கூடியது சுஜாதாவின் 'கரையெல்லாம் செண்பகப்பூ'. 1981இல் அது திரைப்படமாகவும் வந்தது. நாட்டுப்பாடல்களைத் திரட்ட ஊருக்கு வரும் கல்யாணராமன் பாழடைந்த ஜமீன் வீட்டில் தங்குகிறான், கொலையில் சிக்குகிறான். நடை துள்ளுகிறது, பட்டணத்தான் ஊரிடம் ஏமாறும் இடங்கள் இன்றும் சிரிப்பூட்டுகின்றன. ஆயினும் புதிரின் வேர் ஜமீன் வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது. ஊருக்கும் சேரிக்கும் இடையிலுள்ள எல்லைக்கோடு அப்புதிரில் பங்கு பெறவில்லை. ஊர் பாடுகிறது, ஆராய்ச்சியாளன் பதிவு செய்கிறான். நம் சிற்றூரைச் செயின்ட் மேரி மீட் ஆக்குவதற்கு எதை விட்டுவிட வேண்டியிருக்கிறது என்பதற்கு இதுவே சான்று.

மதுரை வட்டாரத்தின் பழைய கதைகள் இவ்வாறு விட்டுவிடவில்லை. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம், விசாரிக்காமல் வழங்கிய தண்டனையின் கதை. சிலம்பை உடைத்து, உள்ளிருப்பது முத்து அன்று, மாணிக்கம் என்று மெய்ப்பித்த கண்ணகியை நம் முதல் துப்பறிபவர் எனலாம்; ஆனால் அவள் கண்டுபிடித்த குற்றவாளி அரசன். திருவிளையாடற் புராணத்துப் 'பழியஞ்சின படலம்' இன்னும் வியப்பானது. ஆலமரத்தில் எப்போதோ தைத்திருந்த அம்பு காற்றில் விழுந்து, நிழலில் இளைப்பாறிய அந்தணர் மனைவியைக் கொல்கிறது. அருகில் நின்ற வேடன்மேல் பழி விழுகிறது. வதைத்தும் அவன் ஒப்பவில்லை. சட்டப்படி வழக்கு முடிந்தது என்று பாண்டியன் இருந்திருக்கலாம். அவனோ பழிக்கு அஞ்சி இறைவனிடம் முறையிடுகிறான், மாறுவேடத்தில் ஒரு மணவீட்டுக்குச் செல்கிறான், அங்கே எமதூதர் பேச்சைக் கேட்டு வேடன் குற்றமற்றவன் என அறிகிறான். குற்றவாளியைப் பிடிப்பதன்று, குற்றமற்றவனை விடுவிப்பதே இக்கதையின் முடிச்சு. மதுரைவீரனோ மாறுகால் மாறுகை வாங்கப்பட்டபின் தெய்வமாகிறான். தென்னாட்டில் அநியாயமாகக் கொலையுண்டோர் பலர் எல்லைகளில் பீடம் பெற்று நிற்கின்றனர். ஆங்கிலக் கதை மறக்கும் பிணத்தை இங்கே ஊர் அஞ்சிப் படையல் இட்டு நினைவில் வைக்கிறது. அதன் சமயக் கொள்கையை நாம் ஏற்பதற்கில்லை. அதன் நினைவாற்றலை மதிக்கலாம்.

மேலூருக்கு அருகிலுள்ள மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டு, பல தடைகளுக்குப்பின் 1996 இறுதியில் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று, மதுரை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் சென்று திரும்புகையில், பேருந்து மறிக்கப்பட்டு, பட்டப்பகலில் அவரும் மற்றும் ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். 2001இல் 17 பேர் ஆயுள் தண்டனை பெற்றனர். உச்சநீதிமன்றம் 2009இல் அதை உறுதிசெய்தது. 2019 நவம்பரில் 13 பேர் தண்டனைக் காலம் முடியுமுன்பே விடுவிக்கப்பட்டனர். இவ்வழக்கில் துப்பறிய வேண்டியது எதுவுமில்லை. செயின்ட் மேரி மீட் ஊரில் எவரும் பார்க்கவில்லை, எல்லாரும் பேசுகின்றனர். இங்கே பார்த்தவர் பலர். பேசத் துணிவதே அரிது. ஒருவரை அகற்றிவிட்டால் ஊர் தூய்மையாகிவிடும் என்று இங்கே எந்த நாவலாசிரியரும் எழுத முடியாது. கோவிலில் தனித்தனி இருக்கையும், கல்லறைத் தோட்டத்தில் தனித்தனி எல்லையும் கண்டு பழகிய நம் திருச்சபையாரும் அதை நம்ப முடியாது.

திருமறையில் இதற்கு நேரான பகுதி உபாகமம் 21இன் முதல் ஒன்பது வசனங்கள். நம் பிரசங்க மேடைகளில் மிக அரிதாகவே இது எடுக்கப்படுகிறது. வயல்வெளியில் ஒரு பிணம் கிடக்கிறது. கொன்றவன் யாரென்று தெரியவில்லை. துப்பறியும் கதையின் தொடக்கம் போலவே இருக்கிறது. ஆனால் நியாயப்பிரமாணம் தடயம் தேடச் சொல்லாமல் அளவுகோலை எடுக்கச் சொல்கிறது. பிணத்திலிருந்து சுற்றியுள்ள ஊர்களுக்கு உள்ள தொலைவை மூப்பர்கள் அளக்க வேண்டும். மிக அருகிலுள்ள ஊரின் மூப்பர்கள், உழாத பள்ளத்தாக்கில் ஓடும் நீரருகே கடாரியின் கழுத்தை முறித்து, கைகழுவி, தங்கள் கைகள் இரத்தம் சிந்தவுமில்லை, கண்கள் அதைக் காணவுமில்லை என்று சொல்ல வேண்டும். ஆசாரியரும் உடன் நிற்க வேண்டும். யார் கொன்றார் என்பது அறியப்படாவிடினும், யாருக்கு அருகில் கொல்லப்பட்டான் என்பதற்கு விடை உண்டு. கண்கள் காணவில்லை என்று கூற முடியாத ஊர் மூப்பர் அந்த நீரருகே என்ன சொல்வர்?

இக்கேள்வியை ஆங்கில எழுத்தாளர் ஒருவராவது உணர்ந்திருந்தார். சதுப்புநிலப் பங்குகளில் பணியாற்றிய குரு ஒருவரின் மகளும், 'தி மைண்ட் ஆஃப் தி மேக்கர்' என்னும் இறையியல் நூலின் ஆசிரியருமாகிய டாரதி சேயர்ஸ் எழுதிய 'தி நைன் டெய்லர்ஸ்' (1934), இவ்வகையின் எல்லைக்குள்ளேயே நின்று அதன் ஏதேனை உடைக்கிறது. முடிவைச் சொல்லாமல் இதைப் பேச இயலாது, வாசகர் பொறுத்தருள்க. புத்தாண்டு இரவில் ஃபென்சர்ச் செயின்ட் பால் ஆலயத்தின் மணிகளை ஊரார் ஒன்பது மணி நேரம் இடைவிடாது அடிக்கின்றனர். அடிப்பவர் ஒருவர் காய்ச்சலில் கிடப்பதால், வழிதவறி வந்த துப்பறிபவர் பீட்டர் விம்சியும் ஒரு மணிக்கயிற்றைப் பிடிக்கிறார். மாதங்கள் கழித்துப் பிணம் ஒன்று வேறொருவர் கல்லறையில் அகப்படுகிறது. எத்தனை முயன்றும் கொலைகாரன் சிக்கவில்லை. இறுதியில்தான் தெரிகிறது: மணிக்கூண்டில் கட்டி வைக்கப்பட்டிருந்த அம்மனிதனை மணிகளின் ஓசையே கொன்றது. அடித்தவர் எல்லாரும், துப்பறிபவர் உட்பட, அச்சாவில் பங்குடையவர். இறைவனைத் துதிக்க எழுப்பிய ஓசையே ஆயுதம். நூலின் முடிவில் வெள்ளம் வருகிறது. குருவானவர் வெனபிள்ஸ் கோவிலைத் திறந்து, ஊர் முழுவதையும் ஆடுமாடுகளோடு உள்ளே சேர்த்து, கஞ்சிக்கும் படுக்கைக்கும் முறை வகுத்து, நாள்தோறும் ஆராதனை நடத்துகிறார். அதே மணிகள் இப்போது வெள்ள எச்சரிக்கைக்காக ஒலிக்கின்றன.