உள்ளே போனவர் ஒருவர், வெளியே வருபவர் வேறொருவர்

ஹட்டன், நுவரெலியாப் பக்கத் தோட்டங்களில் கைப்பேசியிலும் பழைய மடிக்கணினியிலும் தாமாகவே நிரல் எழுதப் பழகிய பிள்ளைகள் இருக்கிறார்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் இலவச இணையவழிப் பாடங்களும் கைகொடுக்கின்றன. இணையத்தளம் செய்யத் தெரிந்தபின், அடியில் என்னதான் நடக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது எக்ஸ்வி6.

எம்.ஐ.டி.யில் 2006இல் மாணவர்களுக்காக எழுதப்பட்ட சின்னஞ்சிறு பணிசெயல் முறைமை அது. 1975இல் வந்த யுனிக்ஸ் ஆறாம் பதிப்பின் வழி. நிரலும் கூடவே வரும் நூலும் இலவசம். தேவையானவற்றை ஒருமுறை இறக்கிக்கொண்டால் லயத்தில் சிக்னல் போனாலும் கியூஎமு என்ற போலிக் கணினியில் ஓடும்.

முறைவழிகளுக்கு, அதாவது ஓட்டத்திலுள்ள நிரல்களுக்கு, முறை கொடுக்கும் பகுதியை முதலில் படியுங்கள். விடியற்காலைப் பிரட்டில் கணக்கப்பிள்ளை வேலை பிரிப்பதுபோல, 64 இடங்கள் கொண்ட பட்டியலைச் சுற்றிச் சுற்றி வரும். தயாராக நிற்பது அகப்பட்டால் ஓடவிடும். அதில் பெரியவர் சிறியவர் கிடையாது.

எப்படி ஓடவிடுகிறது? அங்கேதான் ஸ்விட்ச் என்ற துண்டு வருகிறது. ரிஸ்க்-வி செயலிக்கான வடிவத்தில் அது செயலியின் 14 பதிவகங்களை நினைவகத்தில் எழுதும், வேறு 14 பெறுமானங்களை எடுக்கும், திரும்பிவிடும். அவ்வளவுதான்! 32 பதிவகங்கள் இருக்க 14 ஏன்? மற்றவற்றில் காக்கவேண்டியதை, அழைத்த சி நிரல் முன்கூட்டியே அடுக்கில் வைத்துவிட்டது. எந்த வரியில் நின்றோம் என்பதைக்கூடத் தனியாகக் குறிப்பதில்லை. திரும்பும் முகவரி அந்த 14இலேயே ஒன்று. உள்ளே போனது முறை கொடுக்கும் நிரல். வெளியே வருவது, புதிதாகப் பிறந்த முறைவழி இல்லையென்றால், முன்னொரு நேரம் இதே ஸ்விட்சுக்குள் போய் நின்றிருந்த முறைவழி. இந்தச் சிக்கனம் எத்தனை தரம் படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

முறைவழி மாறும் இந்த விதம் உயர்தர வகுப்பிலும் பாடமாக உண்டு. பெட்டியும் அம்புக்குறியும் வரைந்தால் புள்ளி கிடைக்கும். அழகு தெரிய வேண்டுமென்றால் ஜிடிபி என்ற பிழைதிருத்தியில் ஸ்விட்சை நிறுத்தி, ஒவ்வொரு கட்டளையாக நகர்த்தி, அடுக்குச் சுட்டியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரே கட்டளையில் அந்த எண் மாறும். அதற்குப் பிறகு நாம் நிற்பது வேறொருவரின் அடுக்கில். கடிகாரத் தடங்கல் ஓடும் முறைவழியை இங்கே எப்படி இழுத்துவருகிறது என்பதை இதிலிருந்து பின்னோக்கிப் படித்துக்கொண்டு போகலாம்.